நானூற்றுப் பதினொன்றின் காய்

பசையக்காவை வேலைக்கு எடுத்த அன்று அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"கை நடுங்குமா?"

"நடுங்காதுங்க," என்றாள். உண்மைதான். மனசு நடுங்குமா என்று கேட்டிருந்தால் அந்த வேலை கிடைத்திருக்காது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற பிறவி அவள். இழுத்துப் பார்த்த பிறகும், ரொம்ப இழுத்ததில் பூட்டு தளர்ந்துபோயிருக்குமோ என்று அடுத்த கவலை தொடங்கும். ஆனால் இடுக்கி பிடித்த கை மட்டும் கல்லில் செதுக்கிய மாதிரி நிற்கும்.

அது நடந்து இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. வேலை, செடி ஒட்டுகிற வேலை. ஊரின் பழைய பகுதியில் மூன்று தளம் கொண்ட கட்டடம் ஒன்று. உள்ளே முழுக்கக் காய்ந்த செடிகள். ஆராய்ச்சிக்காரர்கள் காடு மேடெல்லாம் அலைந்து பறித்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்துக் கட்டுக்கட்டாக அனுப்புவார்கள். அவற்றைத் தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். நூறு வருஷம் கழித்து ஒருவர் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும். கட்டு வந்ததும் பூச்சி சாக அதைக் குளிர்பெட்டியில் போடுவது, பிறகு பிரிப்பது, இலையின் முதுகில் பசை தடவுவது, தடித்த காம்பை ஊசி நூலால் தாளோடு தைப்பது, உதிர்ந்த விதையையும் காயையும் சின்னக் காகித உறையில் போட்டுத் தாளின் மூலையில் ஒட்டுவது, கடைசியாகத் தாளின் பின்னால் பென்சிலால் தேதி போடுவது, எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் பசையக்கா. காவலாளிக்கும் அக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த இயக்குநருக்கும் அக்கா.

அவளுடைய நாத்தனார் மட்டும் அந்த இடத்தைச் 'சருகு ஆபீஸ்' என்பாள். "மத்தவங்க வீட்டு வாசல்ல கிடக்குற குப்பையைக் கூட்டித் தள்ளுவாங்க. எங்க அண்ணிக்கு அதை ஒட்டுறதுக்குச் சம்பளம்," என்று தான் வேலை செய்யும் துணிக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நாத்தனார் அங்கே வாடிக்கையாளருக்குச் சட்டை பிடிப்பது, பாவாடை இறக்குவது என்று தையல் வேலை பார்ப்பவள். பசையக்காவின் கணவர் இறந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. உறவு சொல்லிக் கோர்த்த நூல் அறுந்த பிறகும் இரண்டு மணிகளும் ஒரே வீட்டில் கிடந்தன. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு தண்ணீர்க் குழாய்ச் சண்டை. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, "நீங்க அக்கா தங்கச்சியா? அப்படியே ஒரே ஜாடை," என்று கேட்டுவிட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கட்டடத்தில் அலமாரிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய பசையக்காவுக்குத் தாவரவியல் புத்தகம் வழியாக வரவில்லை, கால் வழியாக வந்தது. பருத்தி, வெண்டை, செம்பருத்தி மூன்றும் முதல் மாடி இடது கோடி. புல்லும் மூங்கிலும் கரும்பும் ஒரே கூட்டம். தரைத்தளத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. தக்காளி, உருளை, கத்தரி இருக்கிற அலமாரியிலேயே கீழ்த்தட்டில் ஊமத்தை. தக்காளிக்கும் ஊமத்தைக்கும் என்ன உறவு என்று முதல் வருஷம் குழம்பினாள். இரண்டின் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிப் பழகியபோது, ஐந்து மடிப்பாக அவை விரிகிற விதம் ஒன்றாக இருப்பது கண்ணில் பட்டது. எந்தக் குடும்பத்தில் ஒரு தறுதலை இல்லை என்று சமாதானம் ஆனாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா வந்தாள். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. செடியைப் படித்து வாங்கிய பட்டம். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சங்கிலி மாதிரி ஒரு கயிறு, அதில் லென்ஸ். வந்த முதல் மாதமே அலமாரிகளை மாற்றச் சொன்னாள். அதில் ஒன்று தாமரை.

"தாமரையை அல்லி அலமாரியிலேர்ந்து எடுத்துடலாம் அக்கா."

"ஏன், ரெண்டும் அக்கா தங்கச்சிதானே? ஒரே குளம், ஒரே மாதிரி வட்ட இலை…"

"முன்னெல்லாம் முகத்தைப் பார்த்து உறவு சொன்னாங்க. இப்போ மரபணுவைப் பார்க்குறோம். பார்த்தா ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே குளத்துல கிடந்தா சொந்தமாயிடுமா? தண்ணியில மிதந்து பொழைக்கணும்னா அப்படி ஒரு இலை வேணும், ரெண்டும் தனித்தனியா வளர்த்துக்கிச்சு. தாமரையோட நெஜமான சொந்தம் யாருன்னு காட்டட்டுமா? வெளியே வாங்க."

வாசலுக்கு வெளியே, தெருவோரம் வரிசையாக நிற்கும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட பிளேன் மரங்களைக் காட்டினாள். பட்டை திட்டுத் திட்டாக உரிந்து, பல வண்ணச் சுவர் மாதிரி நிற்கும் பெரிய மரங்கள். பசையக்கா அப்போதே பதினேழு வருஷமாக அந்த நிழலில்தான் பேருந்துக்குக் காத்திருந்தாள். கிட்டப் போய் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தாள். குளத்துத் தாமரைக்கு இந்தத் தெருவில் இப்படி ஒரு சொந்தக்காரன்!

அன்று சாயங்காலம் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் காய் நறுக்குவதை நிறுத்தி யோசித்தாள்.

"அப்போ நீயும் நானும்?"

"ஒரே குளம்தான்."

"தாமரை யாரு, அல்லி யாரு?"

"நீதான் தாமரை, போதுமா? கத்தியைக் கொடு."

டாக்டரம்மாவிடம் பசையக்கா கேட்காத கேள்வி இல்லை. தேநீர் வேளை பதினைந்து நிமிஷம். பத்து நிமிஷம் கேள்வி. குடும்பத்துக்கு மேலே என்ன என்று ஒரு நாள் கேட்டாள்.

"துறைன்னு ஒண்ணு. நெருங்கின குடும்பங்களை ஒண்ணாச் சேர்த்தா ஒரு துறை. பங்காளி வீடுங்க மாதிரின்னு வச்சுக்கங்க. எல்லாருக்கும் பாட்டன் ஒருத்தன். ஆனா இங்கே பிறப்பு வழி உறவு மட்டும்தான் கணக்கு. சம்பந்தி, மாமியார், மச்சான் இதெல்லாம் செல்லாது."

"நாத்தனார்?"

"சத்தியமா செல்லாது."

"நிம்மதியான ஏற்பாடு," என்றாள் பசையக்கா.

டாக்டரம்மாவை அந்தக் கட்டடத்தில் கட்டிப்போட்டது ஒரே ஒரு தாள். காபிச் செடிக் குடும்பத்தின் அலமாரியில், கடைசித் தட்டில், 'பெயர் தெரியாதவை' என்று எழுதிய அட்டைக்குள் கிடந்தது. பறித்தவர் கொடுத்த எண் நானூற்றுப் பதினொன்று. ஒரு கொடியின் துண்டு, பூ இல்லை. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில், தண்டோடு ஒட்டி ஒரு சின்னச் செதில். அந்தச் செதில் காபிக் குடும்பத்தின் முத்திரை மாதிரி. இது வரைக்கும் வம்பில்லை. ஆனால் தாளின் கீழ்ப்பக்கத்தில் ஆட்டுக் கொம்பு மாதிரி இரட்டைக் காய் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. ஒரு காய் வெடித்து, உள்ளே பட்டுக் குஞ்சம் வைத்த விதைகள். காபி வீட்டில் அப்படிக் காய் யாருக்கும் கிடையாது. அது எருக்கு, அரளி வீட்டுச் சொத்து. உடைத்தால் பால் வடிகிற குடும்பம். இரண்டும் ஒரே துறை, பங்காளி வீடுகள்.

"ஒரு கால் அந்த வீட்டுல, ஒரு கால் இந்த வீட்டுல," என்பாள் டாக்டரம்மா, கண் பளபளக்க. "ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவான பாட்டன் எப்படி இருந்திருப்பான்னு காட்டுற முகம் அக்கா இது. இதை எந்த வீட்டுலயும் சேர்க்க முடியாது. தனிக் குடும்பம்."

புதுக் குடும்பம் ஒன்றை அறிவிப்பது என்பது செடிக்காரர்கள் வாழ்க்கையில் அடிக்கடி வருகிற நல்ல நாள் அல்ல. மரபணு கிடைத்திருந்தால் ஒரே வாரத்தில் தெரிந்திருக்கும். பறித்த பெரியவர் மழைக்காலத்தில் செடி அழுகிவிடக் கூடாது என்று சாராயத்தில் நனைத்துக் காயவைத்திருந்தார், மரபணு சிதைந்துபோயிருந்தது. மூன்று முறை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியும் ஒன்றும் வரவில்லை. கேட்கலாம் என்றால் பெரியவர் உயிரோடு இல்லை. ஆகவே டாக்டரம்மா ஆறு வருஷம் லென்ஸும் கையுமாக, இரண்டு குடும்பங்களையும் இலை இலையாக, காய் காயாக ஒப்பிட்டுக் கட்டுரை எழுதி முடித்தாள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். போன மாதம் ஒரு மாநாட்டில் சொல்லியும் ஆகிவிட்டது. அவளுடைய அம்மா தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரத் திங்கட்கிழமை டாக்டரம்மா ஒரு உதவி கேட்டாள்.

"கட்டுரையில ஒரு படம் போடணும். அந்தப் பெரியவர் அதே பயணத்துல, அதே மலையில வேற என்னென்ன பறிச்சார்னு. நானூறுலேர்ந்து நானூத்தி இருபது வரைக்கும் எண் உள்ள தாளை எடுத்துத் தருவீங்களா?"

கேட்பதற்கு எளிது. ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரே மத்தியானத்தில், ஒரே சரிவில், கைக்கெட்டும் தூரத்தில் பறித்த இரண்டு செடிகள் தாளில் ஏறியதும் பிரிந்துபோகும். ஒன்று தரைத்தளம், ஒன்று இரண்டாம் மாடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. குடும்பம் எது என்பதுதான் விலாசம். பசையக்கா இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்கிப் பதினேழு தாள் சேர்த்தாள். செவ்வாய் மத்தியானம், எருக்குக் குடும்பத்தின் 'பெயர் தெரியாதவை' அட்டைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு கிடைத்தது. அதுவும் ஒரு கொடி. அதிலும் பூ இல்லை.

பெரியவர் ஒட்டச் சொல்லி எழுதி அனுப்பிய சீட்டைப் படித்தாள். 'கொடி. பால் உண்டு. இரட்டைக் காய், உறையில் காண்க.'

காண்க என்று சொன்னால் காணாமல் இருக்க முடியுமா? மூலையில் இருந்த உறையைத் திறந்தாள். காலி. கவிழ்த்துத் தட்டினாள். மடிப்புக்குள் சிக்கியிருந்த ஏதோ ஒன்று மேசையில் மிதந்து இறங்கியது. பட்டு மாதிரி நாலைந்து வெள்ளை முடி.

பசையக்கா கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. தாளைத் திருப்பினாள். பின்னால் பென்சிலில் அவள் கையெழுத்து, தேதி, பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது. கீழே ஓடிப்போய் நானூற்றுப் பதினொன்றைத் திருப்பினாள். அதே தேதி. சீட்டில் பறித்த இடம் போக எழுதியிருந்தது: 'கொடி. நிழலில்.' அவ்வளவுதான். பால் இல்லை, காய் இல்லை. ஆறு வருஷமாக டாக்டரம்மா, பெரியவர் எழுத மறந்துவிட்டார் என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒட்டுகிறவர்களுக்குப் பாடம் ஒன்றே: ஒரு மேசை, ஒரு செடி. ஒன்றை முடித்து, உதிர்ந்த தூசியைக்கூடத் துடைத்து எடுத்த பிறகுதான் அடுத்தது மேசைக்கு வரலாம். அன்று அவள் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறாள். பசை காய்ந்துவிடும் என்ற அவசரமா, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததா, நினைவில்லை. பத்தாயிரம் தாளுக்கு மேல் ஒட்டிய கைக்கு அந்த மத்தியானம் நினைவில்லை. ஆனால் என்ன நடந்திருக்கும் என்பது கண்ணால் பார்த்த மாதிரி தெரிந்தது. பன்னிரண்டின் காய் மேசையில் கிடந்திருக்கிறது, பதினொன்றின் தாளில் கீழே இடம் இருந்திருக்கிறது, அழகாகத் தைத்துவிட்டாள். கை நடுங்கவே இல்லை.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று சொல்வார்கள். அவள் ஊசி நூலாலேயே போட்டிருக்கிறாள். அந்த முடிச்சின் மேல் ஒருத்தி ஆறு வருஷத்தைக் கட்டி வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டில் குழாயடியில் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தண்ணீரைத் திறக்காமல் நின்றாள். நாத்தனார் வந்து திறந்துவிட்டாள்.

"யார் செத்தா?"

பசையக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் பாதியிலேயே கையமர்த்தினாள்.

"பத்தொம்பது வருஷம் கழிச்சு யாரு வந்து கேக்கப்போறா? அந்த உறைக்குள்ள இருந்த முடியை ஊதி விடு. வேலை முடிஞ்சுது."

"ஊதிடலாம்."

"அப்புறம் என்ன? வேலை போயிடும்னு பயமா?"

"வேலை போகாது. அந்தப் பொண்ணு முகத்தை எப்படிப் பார்க்குறதுன்னுதான் பயம். நாளைக்கு யாராவது வெளியூர்க்காரன் வந்து கண்டுபிடிச்சு அவளை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சான்னா? அதுவும் பயம். ஆனா அது மட்டும் இல்லை…" பசையக்கா தேய்த்த தட்டையே திரும்பத் தேய்த்தாள். "காய் அதோடது இல்லைன்னா அந்த இலை யாரோடது? மத்தியானத்துலேர்ந்து அதே குடையுது. சொல்லாம விட்டா எனக்கு அது தெரியவே தெரியாதே."

நாத்தனார் குழாயை மூடினாள். "எங்க கடையில தப்பா தச்சதைப் பிரிச்சுத்தான் தைப்போம். கஸ்டமர் கவனிக்கலைன்னு விட்டா, அவன் முதல் தடவை குனியும்போது டர்ருனு சொல்லிடும். எங்க குனிவான்னு நமக்குத் தெரியாது. போய்ச் சொல்லிடு." பிறகு, "இலை யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லு," என்றாள்.

புதன்கிழமை காலை டாக்டரம்மா நுழைந்ததும் பசையக்கா இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வழி நெடுக ஒத்திகை பார்த்த முன்னுரை எல்லாம் மறந்துபோயிற்று.

"இந்தக் காய் இந்தச் செடியோடது இல்லை டாக்டரம்மா. அந்தச் செடியோடது. நான்தான் மாத்தித் தச்சிருக்கேன்."

டாக்டரம்மா சிரித்தாள். பிறகு சீட்டைப் படித்தாள். உறையைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நுண்ணோக்கியை இழுத்து, காயின் காம்பு ஒடிந்த இடத்தைப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் காய் ஒடிந்த மொட்டைக் காம்பு ஒன்று இருந்தது, அதையும் பார்த்தாள். இரண்டு முனையிலும் காய்ந்த பால், பொட்டு மாதிரி உறைந்திருந்தது. பசையக்காவைத் தையலை வெட்டச் சொன்னாள். வெட்டினாள். டாக்டரம்மா இடுக்கியால் காயை எடுத்து மொட்டைக் காம்பின் மேல் வைத்தாள். உடைந்த தட்டின் இரண்டு துண்டு மாதிரி, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், கச்சிதமாக உட்கார்ந்தது.

"எப்போ தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"ஒரு நாள் முழுக்க வச்சிருந்தீங்களா?"

"ராத்திரி ஒண்ணுதான்மா."

டாக்டரம்மா லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். தேநீர் ஆறிப்போயிற்று. வியாழக்கிழமை வரவில்லை. பசையக்கா அன்று ஒரே ஒரு தாள் ஒட்டினாள்; ஒட்டிவிட்டு மேசையை நாலு முறை துடைத்தாள். இந்தப் பெண் இனிமேல் தேநீர் வேளையில் எதிரே வந்து உட்கார மாட்டாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டாள் என்று நினைத்தபோது, இருபத்துமூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கட்டடம் அவளுக்கு வெறும் சருகு ஆபீஸாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கட்டுரையை நிறுத்திட்டேன். மாநாட்டுக்காரங்களுக்கும் எழுதிட்டேன். என் பேர்லதான் எழுதினேன், உங்களை இழுக்கலை."

"இழுத்திருக்கலாமே. நான்தானே தச்சேன்."

"நான்தானே நம்பினேன்? சீட்டுல காய்னு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வேணும்ங்கிறதுக்காக, கிழவருக்கு மறதின்னு சொன்னேன்." நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். "உங்க மேல கோவம் இருக்கு அக்கா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு மாசமாவது இருக்கும்."

"இருக்கட்டும்மா. ரெண்டு மாசம்கூட வச்சுக்கோ."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க நானூற்றுப் பதினொன்றை இழுத்துப் பார்த்தாள். காய் போன இடத்தில் நான்கு ஊசித்துளை மட்டும்.

"நானூத்திப் பன்னெண்டு, அந்தப் பால்காரன் பிரச்சினை தீர்ந்துது. காய் இருக்கிறதால அவன் யாருன்னு எனக்கு இப்போ ஏறக்குறையத் தெரியும், புதுசு இல்லை. இந்த இலைதான்… காபி வீட்டுப் பிள்ளை, அது நிச்சயம். அந்த வீட்டுல பதிமூணாயிரம் பேருக்கு மேல இருக்காங்க. பூவும் இல்லாம காயும் இல்லாம யாருன்னு சொல்றது?"

"நேர்ல போய்க் கேட்டா?"

"யாரை?"

"அந்தக் கொடியைத்தான். எங்க பறிச்சார்னு பெரியவர் எழுதியிருக்காரே. 'பாலம் தாண்டி, மூன்றாம் வளைவு, ஓடைக்கு இடப்பக்கம்.' பாலம் ஓடியா போயிருக்கும்?"

டாக்டரம்மா அவளையே பார்த்தாள். "நீங்களும் வர்றீங்களா?"

பசையக்கா ஒரு காட்டுச் செடியைக்கூட அது நின்ற இடத்தில் பார்த்ததில்லை. வந்தவை எல்லாம் தட்டையாக, பழுப்பாக, செய்தித்தாளில் மடித்துத்தான் வந்தன. வீட்டைப் பூட்டுவது, மாடிப்படி, மலைப்பாதை, வழுக்கல், அட்டைப்பூச்சி என்று பதினைந்து கவலை வரிசையாக வந்தது. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வாய், "வர்றேன்," என்றது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் இருவரும் மலைப் பேருந்தில் போனார்கள். ஆறு மணி நேரம். வீட்டைப் பூட்டுகிற பொறுப்பை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். நிறுத்தத்துக்கு வந்து, "பூட்டியாச்சு, இழுத்தும் பார்த்தாச்சு, கிளம்பு," என்று கத்திவிட்டுப் போனாள்.

பாலம் இருந்தது. மூன்றாம் வளைவில் ஓடை இருந்தது. ஓடைக்கு இடப்பக்கம் ஆள் உயரப் புதர். முதலில் கண்டுபிடித்தது பால்காரனைத்தான். அந்த இலை நரம்பு வளைந்து ஓரத்தில் சேர்கிற விதத்தைப் பசையக்காவின் விரல் அறியும். ஒரு இலையைக் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் பொங்கி விரலில் வடிந்தது. தாளில் ஒரு பொட்டாக உறைந்திருந்தது இத்தனை வேகமாக ஓடும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதற்கு ஒரு சாண் தள்ளி, நிழலில், தரையை ஒட்டி இன்னொரு இளங்கொடி. பெரிய மெல்லிய இலைகள், இரண்டிரண்டாக, நடுவில் செதில்.

"நானூத்திப் பதினொண்ணு," என்றாள் டாக்டரம்மா மெல்லிய குரலில்.

ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள். பால் இல்லை. பழக்கத்தில் அதைக் கசக்கி மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அடுத்த நொடி அது பசையக்காவுக்கும் எட்டியது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி, அடைத்த சாக்கடை மாதிரி ஒரு நாற்றம்.

"ஐயோ, என்ன இது?"

டாக்டரம்மா இலையைக் கீழே போட்டாள். கொடியின் தண்டைப் பிடித்து, அது போன வழியே மேலே பார்த்தாள். புதரைத் தாண்டி, பக்கத்து மரத்தில் ஏறி, வெயில் படும் இடத்தில் பரந்து கிடந்தது. கொக்கி வைத்த கழியை நீட்டி ஒரு கிளையை இழுத்து முறித்தாள். அது பசையக்காவின் காலடியில் விழுந்தது. மேலே வெயிலில் இலை வேறு மாதிரி இருந்தது: சின்னது, தடித்தது. கொத்துக் கொத்தாகப் பூ. வெள்ளைக் குழல், வாய்க்குள்ளே கத்தரிப்பூ நிறம்.

பசையக்கா குனிந்து ஒரு கொத்தைத் தூக்கினாள். அந்த நிறத்தில் அவள் பார்த்தறியாத பூ. ஆனால் அந்தக் கொத்து பிரிகிற விதம், குழல் வளைகிற விதம், காம்பு எந்த இடத்தில் ஊசி கேட்கும் என்பது…

"டாக்டரம்மா, இது முதல் மாடி நாலாம் அலமாரி. மேலேருந்து மூணாவது தட்டு. முப்பது தாளுக்குக் குறையாம இருக்கும். எல்லாம் நான்தான் ஒட்டினேன்."

"ஆமாம்," என்றாள் டாக்டரம்மா. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வேணும்னாலும் முளைக்கிற கொடி அக்கா இது. வேலிக்கு வேலி இருக்கும். முதல் வருஷப் பிள்ளைங்களே மூக்கை வச்சுக் கண்டுபிடிச்சிடும். நிழல்ல இளங்கொடியா இருக்கும்போது இலை மாறியிருக்கு. கிழவர் அதுல ஒரு துண்டைக் கிள்ளியிருக்கார். சாராயத்துல போட்டதுல நாத்தமும் போச்சு."

"பறிக்கும்போது அவருக்கு நாறலையா? ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே."

"சளி பிடிச்சிருக்கும். மழைக்காலம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் டாக்டரம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது; தோள் குலுங்கி, பிறகு கண்ணில் நீர் வந்து, பாறையில் கையை அடித்துச் சிரித்தாள். "ஆறு வருஷம்! புதுக் குடும்பம்! பொதுப் பாட்டன்! ஒரு கிழவருக்குச் சளி பிடிச்சதுக்கு நான் மாநாடு வரைக்கும் போயிட்டேன்! மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதை."

பசையக்காவும் சிரித்தாள், ஆனால் அவள் கவனம் முழுக்கச் சிரிப்பில் இல்லை. கொத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். குழலின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே வெல்வெட் மாதிரி பொடி முடி, அதில் ஒரு எறும்பு வழி தேடிக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கி ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"முப்பது தடவை இதைத் தொட்டு ஒட்டியிருக்கேன். இந்த நிறம்னு தெரியாது. இப்படி நாறும்னு தெரியாது. எலியா இருந்தா என்னம்மா? உசுரோட இருக்கே!"